தம்பியுடையது

செங்கரட்டில் ஒருவருக்கு முட்டுகிற சிறுநீரை அவருக்குப் பதிலாக இன்னொருவர் கழித்துவிட்டு வரலாம். முகூர்த்தத்துக்கு உட்கார்ந்த மணப்பெண் பட்டுப்புடவையோடு எழுந்து ஓட முடியாது என்பதால் அவளுடையதை அத்தை மகள் ஒருத்தி வாங்கி வைத்துக்கொள்வாள். பொதுத்தேர்வு நாட்களில் பள்ளிக்கூடத்துக் கழிப்பறை வாசலில் அம்மாமார்கள்தான் வரிசையில் நிற்பார்கள். முறை எளிது. கொடுப்பவர் வாங்குபவரின் மணிக்கட்டைத் தொட்டு, "என்ரத நீ பாத்துக்கோ" என்று சொன்னால் போதும். திரும்ப வேண்டுமென்றால் கொடுத்தவரே வந்து, அதே மணிக்கட்டைத் தொட்டு, "என்ரதக் குடு" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். வாங்கியவராகப் பார்த்துத் திருப்பித் தள்ளிவிட முடியாது. முடிந்திருந்தால் அந்த ஊரில் ஒரு சம்பந்தி உறவுகூட மிஞ்சியிருக்காது.

மயிலாத்தாள் தன் தம்பி சென்னியப்பனுடையதை வைத்திருந்தாள்.

சென்னியப்பன் தனியார் பஸ் டிரைவர். செங்கரட்டுக்கும் மேட்டுத்துறைக்கும் நடுவே ஓடும் வண்டி. முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி, நடுவில் மூச்சுவிட நேரமில்லாத டைமிங். டிரைவர் ஒதுங்கப் போனால் பின்னால் வருகிறவன் ஜனத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவான். அதனால் டிரைவர்களுடையதை அக்கா தங்கைகள் வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். பெண்டாட்டி வாங்கினால் டயர் வெடிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சென்னியப்பன் காலையில் வண்டி எடுக்கப் போகும்போது அக்காள் வீட்டு வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போவான். பொழுது சாய்ந்ததும் வந்து வாங்கிக்கொண்டு போவான்.

மயிலாத்தாளின் மகள் தர்ஷினிக்குக் காது குத்திய நாளோடு அது நின்றது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். வண்டி வழியில் நின்றுபோய் சென்னியப்பன் வந்து சேரவில்லை. நல்ல நேரம் தாண்டுகிறதே என்று பெரியவர்கள் கையைப் பிசைந்தார்கள். கடைசியில் பங்காளி ஒருவன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். சென்னியப்பன் காக்கிச் சட்டையோடு சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு குலதெய்வக் கோயில் வாசலுக்கு வந்தான். குழந்தையின் காதைப் பார்த்தான். தட்டைத் தரையில் வைத்துவிட்டு, விருந்தில் கை நனைக்காமல் திரும்பிப் போனான். அன்று பொழுது சாய்ந்தும், காலையில் கொடுத்ததை வாங்கிக்கொள்ள அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தர்ஷினி இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.

இத்தனை வருஷமும் மயிலாத்தாள் இரண்டு பேருக்காகவும் போய்க்கொண்டிருந்தாள். தன்னுடையது அடிவயிற்றில் முட்டும். அவனுடையது இடப்பக்கமாக, விலாவுக்குக் கீழே வந்து நிற்கும். விடியலில் இடப்பக்கம் லேசாக இழுத்தால் தம்பி எழுந்துவிட்டான் என்று தெரியும். அப்புறம் ஒருமுறை இழுத்தால் டீ குடித்திருக்கிறான். மழை நாளில் அடுத்தடுத்து இழுத்தால் நனைந்திருக்கிறான், தலை துவட்டினானோ என்னவோ. பேச்சுவார்த்தை இல்லாத தம்பியைப் பற்றி எந்த அக்காளுக்கு இவ்வளவு தெரியும்? அவன் வந்து கேட்கவில்லையே என்று அவளுக்கு வருத்தம் இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவானோ என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஆடி பிறந்ததிலிருந்து இடப்பக்கம் ஓயவில்லை.

போய்விட்டு வந்து சேலையைச் சரிசெய்வதற்குள் மறுபடியும் இழுத்தது. குழம்பு தாளிக்கும்போது இழுத்தது. பனியன் கம்பெனியில் அவள் செக்கிங் வேலை பார்த்தாள். சூப்பர்வைசர் பார்த்துப் பார்த்து, கடைசியில் அவள் மேசையையே கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் தூக்கிப் போட்டுவிட்டார். தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்தாள். காப்பியை விட்டாள். அவன் விடவில்லை. பொழுது சாய்ந்தபின் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். அவன் நிறுத்தவில்லை. முட்டினாலும் உடனே ஓடாமல் கொஞ்சம் அடக்கி, நாளுக்கு நாள் இடைவெளியை நீட்டிப் பழகினால் சிறுநீர்ப்பை அடங்கும் என்று கம்பெனியில் ஒருத்தி சொன்னாள். அதையும் பழகினாள். அவளுடைய பை நன்றாக அடங்கியது. இடப்பக்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள் கழிவறைத் தரையில் எறும்பு மொய்த்திருந்தது. அவள் கணவன் நாச்சிமுத்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டியை எடுத்து அவளை டாக்டர் நளினியிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தார். இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார்.

"ரத்தம் சுத்தமா இருக்குது. அது உங்களுது. யூரின் உங்களுது இல்லை. யாருதுன்னு தெரியுமா?"

"என்ர தம்பீதுங்க."

"அவருக்கு இது தெரியுமா?"

"எப்படீங்க தெரியும். அவனுக்குத்தான் வர்றதே இல்லையே."

டாக்டர் பேனாவை மூடினார். சக்கரை ரொம்பவும் ஏறிக் கிடக்கிறது என்றார். உடம்பு அதைத் தண்ணீரோடு வெளியே தள்ளப் பார்க்கிறது, அதனால்தான் தாகமும் இத்தனை முறை போவதும். அதுதான் உடம்பு தட்டுகிற மணி. அந்த மணி அவர் வீட்டில் அடிக்காமல் உங்கள் வீட்டில் அடித்துக்கொண்டிருக்கிறது. இதற்கு அடுத்தபடி கண் மங்கும், வாந்தி வரும், பிறகு நினைவு தப்பும். சிறுநீரில் தெரிகிறதை வைத்துப் பார்த்தால் அதற்கு அதிக நேரம் இல்லை.

"அவர் என்ன வேலை பாக்கறார்?"

"பஸ் ஓட்டறானுங்க."

"இன்னிக்கே மேட்டுத்துறை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க," என்றார் டாக்டர். "முதல்ல அவருதை அவரையே கேட்டு வாங்கிக்கச் சொல்லுங்க. இல்லைன்னா எத்தனை பேர் சொன்னாலும் நம்ப மாட்டார்."

கிளினிக் வாசலில் நின்று மயிலாத்தாள் தம்பிக்குப் போன் அடித்தாள். அவள் நம்பரைப் பார்த்தால் அவன் எடுப்பதில்லை, அன்றும் எடுக்கவில்லை. நாச்சிமுத்து அவளைத் தம்பியின் பஸ் நின்ற ஸ்டாண்டில் கொண்டுபோய் இறக்கினார். "நீ ஏறிக்க. நான் பின்னாலயே வர்றன்," என்றார். அவர் ஓட்டுகிற வேகத்துக்கு அவர் வண்டி அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் வந்து சேர மத்தியானம் ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைக்குப் போய்விட்டு ஓடி வந்து, நகரத் தொடங்கிய வண்டியில் ஏறினாள். டிரைவருக்கு நேர் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். உட்காரும்போதே இடப்பக்கம் நிரம்ப ஆரம்பித்திருந்தது.

சென்னியப்பன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். கையை நீட்டிப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். காக்கிச் சட்டை, கொடியில் காயப்போட்ட மாதிரி தோளில் தொங்கியது. காலடியில் தண்ணீர் பாட்டில்கள் உருண்டுகொண்டிருந்தன.  அவன் வண்டி ஓட்டுவதை இத்தனை வருஷமாக அவள் விலாவில்தான் அறிந்திருந்தாள். கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று ஏன் தனக்குத் தோன்றவில்லை என நினைத்தபோது தன் மேலேயே கோபம் வந்தது.

கண்டக்டர் ரத்தினம் வந்தான். "எங்கீங்க்கா?"

"உங்க டிரைவருகிட்டச் சொல்லு. அவருக்குச் சக்கரை ஏறிக் கெடக்குதாம், டாக்டர் சொன்னாங்க. வண்டிய ஓரங்கட்டிட்டு, அவருதை எங்கிட்டக் கேக்கச் சொல்லு."

ரத்தினம் அந்தப் பக்கம் திரும்பி அதையே சொன்னான். அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு கம்பிதான் இருந்தது.

"அந்தம்மாகிட்டச் சொல்லு," என்றான் சென்னியப்பன். "எனக்கு ஒண்ணும் இல்லை. காத்தால உக்காந்தா பொழுது சாயற வரைக்கும் சீட்ட விட்டு எந்திரிக்கறதில்லை. சக்கரைக்காரன் இப்படி உக்காருவானா?"

பக்கத்துச் சீட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள். அது அவர்களுக்கு நியாயமாகவே பட்டது.

"அவரு எந்திரிக்கறதில்லை. நாந்தான் எந்திரிக்கறன்னு சொல்லு."

ரத்தினம் சொன்னான்.  சென்னியப்பன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாட்டிலைத் திறந்து, மூச்சுவிடாமல் காலி செய்தான். அந்தத் தண்ணீர் அவன் தொண்டையில் இறங்க இறங்க மயிலாத்தாளுக்கு இடப்பக்கம் இறுகியது. அவள் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வேலாங்காட்டு நிறுத்தத்தில் ஒரு பெண் கூடையோடு கை காட்டினாள். பஸ் நிற்காமல் போயிற்று. வேண்டுமென்றே போகவில்லை. அவன் அவளைப் பார்க்கவே இல்லை. வேகத்தடை வந்தபோதும் பார்க்கவில்லை. எல்லோரும் ஒருமுறை சீட்டிலிருந்து எழும்பி உட்கார்ந்தார்கள். மயிலாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு வியர்த்தது. இதற்குமேல் ரொம்ப தூரம் தாங்காது. தாங்காவிட்டால் தம்பியுடையது தம்பியின் வண்டியிலேயே எல்லோருக்கும் முன்னால் போய்விடும். அந்த அவமானம் அவளுக்கு, உயிர் அவனுக்கு. இரண்டையும் அவள் ஒருத்தியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரத்தினம், கண்ணு, நிறுத்தச் சொல்லு."

"அண்ணா, அக்கா நிறுத்தச் சொல்றாங்க."

"டைமிங் இல்லைன்னு சொல்லு. பின்னால அவன் வந்துட்டிருக்கான்."

முன்னால் வாய்க்கால் பாலம் வந்தது. ஒரு வண்டி போனால் இன்னொரு வண்டி ஒதுங்கி நிற்க வேண்டிய பாலம். எதிரே லாரி ஏறிவிட்டிருந்தது. சென்னியப்பன் கண்ணைக் கசக்கினான். வேகத்தைக் குறைக்கவில்லை.

"ரத்தினம், ரெண்டு லாரி வருதா?"

"ஒண்ணுதாங்ணா."

"அப்ப நடுவுல போக முடியாதா?"

"முடியாதுங்ணா. ரெண்டுல எடது பக்கத்ததுதான் நெசம்."

சென்னியப்பன் ஸ்டியரிங்கை ஓரமாக ஒடித்தான். லாரிக்காரன் பாலத்தின் சுவரோடு ஒட்டிக்கொண்டான். இரண்டு வண்டிகளின் கண்ணாடிகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயின. யாரும் கத்தவில்லை. ஒரு கிழவர் மட்டும் சன்னலுக்கு வெளியே வைத்திருந்த கையை உள்ளே எடுத்துக்கொண்டார்.

மயிலாத்தாள் எழுந்தாள். எழுந்தால் இன்னும் மோசமாக முட்டும் என்று தெரிந்தேதான் எழுந்தாள். கம்பியின் மேலாகத் தன் கையை நீட்டி, மணிக்கட்டு அவன் தோளுக்குப் பக்கத்தில் வரும்படி வைத்துக்கொண்டு நின்றாள். ரத்தினத்திடம் சொல்லவில்லை. நேராகச் சொன்னாள்.

"சென்னி, கேளு."

அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. "அந்தம்மாகிட்ட நான் எதும் குடுத்து வெக்கலைன்னு சொல்லு ரத்தினம்."

ரத்தினம் இந்த முறை சொல்லவில்லை.

"குடுத்து வெச்சிருக்கற," என்றாள் மயிலாத்தாள். "நீ வந்து கேட்டிருந்தா எனக்கு உன்ரதுன்னு ஒண்ணும் மிஞ்சியிருக்காது, அதனாலதான் நானும் உன்னைத் தேடி வரலை. தர்ஷினி காது அந்த வருசமே சீழ் வச்சு ஓட்டை தூந்து போச்சு. ரெண்டும்தான். இன்னும் குத்தலை. தோடு இல்லாமத்தான் பள்ளிக்கூடம் போறா. மாமன் மடி இல்லாம இன்னொருக்காக் குத்தறதுக்கு எனக்கு மனசு வரலை. கேளு சாமி. என்னால முடியலை."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் அதை அணைத்தான். வண்டிக்குள் என்ஜின் சத்தம் மட்டும் இருந்தது. 

"பள்ளிக்கூடத்துல சிரிக்க மாட்டாங்களா?" என்றான்.

"சிரிக்கறாங்க."

அவன் கியரிலிருந்து கையை எடுத்தான். பார்க்காமலேயே தோளுக்கு மேலே கொண்டுவந்து, தடவி, அவள் மணிக்கட்டைக் கண்டுபிடித்தான். அவன் விரல்கள் சூடாகவும் காய்ந்தும் இருந்தன.

"அக்கா. என்ரதக் குடு."

"இந்தா," என்றாள் அவள்.

இடப்பக்கம் ஒரே இழுப்பில் காலியானது. அவள் சீட்டில் விழுந்தாள். அதே நொடியில் பிரேக் போட்ட சத்தம் கேட்டது. சென்னியப்பன் கதவைத் திறந்து குதித்து, சோளக்காட்டு ஓரமாக இருந்த வேலிக்கு ஓடினான். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்று கிடந்தது.

பயணிகள் காத்திருந்தார்கள். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயிற்று. யாரோ டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். வேலிப் பக்கம் சத்தம் நிற்கவில்லை. மயிலாத்தாள் வெறும் இடப்பக்கத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. அவள் அழுதாள். நிம்மதியில் அழுகிறோமா, இல்லாமல் போனதற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் நேரமில்லை.

சென்னியப்பன் செருப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருகப் போனவன் நிறுத்திவிட்டு மறுபடியும் இறங்கி ஓடினான். மறுபடியும் வந்தான்.

"இத்தனையுமா உனக்கு வந்துட்டிருந்துச்சு?"

"ஆமா."

"எப்ப இருந்து?"

"ஆடியில இருந்து."

அவன் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பயம் வந்துவிட்டது, அது முதுகிலேயே தெரிந்தது. கடைசிச் சீட்டிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, ஆஸ்பத்திரி வரைக்கும் வேண்டுமானால் தான் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி மணிக்கட்டை நீட்டினாள். நல்ல மனசுக்காரி.

"வேண்டாங்க," என்றான் சென்னியப்பன். "என்ரது எங்கிட்டயே இருக்கட்டும். வந்தா நிறுத்தி எறங்கிக்கறன்."

பிறகு ரத்தினத்தைப் பார்த்தான். "வழியில யாரையும் ஏத்தாத. நேரா ஆஸ்பத்திரிதான். ஆனா எனக்கு ரோடு தெரியலையே. எல்லாம் கலங்கலா இருக்குது."

ரத்தினம் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டான். "கலங்கலை நாங்க எல்லாரும் வாங்கிக்கறமுங்ணா. ஆளுக்குக் கொஞ்சம்."

செங்கரட்டில் அதுவரை சிறுநீரைத் தவிர வேறெதையும் யாரும் இப்படி வாங்கியதில்லை, ஆனாலும் அவன் சென்னியப்பனின் கண் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தான். சீட்டுச் சீட்டாகப் போய், பாக்கிச் சில்லறை கொடுப்பதுபோல ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் வைத்தான். மடியில் கைக்குழந்தை வைத்திருந்தவள் குழந்தையின் பங்கையும் தானே வாங்கிக்கொண்டாள். சன்னலோரக் கிழவர், தனக்கு ஏற்கெனவே புரை விழுந்த கண்தான், தாராளமாகப் போடு என்றார். டிபன் பாக்ஸ்காரர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கையை நீட்டினார். ரத்தினம் தனக்கும் எடுத்துக்கொண்டு, முன்னால் வந்து மயிலாத்தாள் கையில் மிச்சத்தை வைத்தான்.

சென்னியப்பன் சாலையைப் பார்த்தான். "தெரியுது," என்றான். வண்டி கிளம்பியது.

சன்னலுக்கு வெளியே சோளக்காடும் தென்னையும் கரைந்து ஒன்றாயின. வண்டிக்குள் யாருக்கும் யாருடைய முகமும் சரியாகத் தெரியவில்லை. ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவன் அடிக்கடி நிறுத்தினான், இறங்கிப் போனான், வந்தான், ஓட்டினான். மயிலாத்தாள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். அதில் சென்னியப்பனின் முகம் இரண்டாகத் தெரிந்தது. இரண்டும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் இரண்டையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.